இரண்டாம் முறையும் தெற்கத்தியான்

தங்கை மகன் நியூஜெர்ஸியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஆபீஸ்ல என்னைய ஆல்ஃபரெட்டாவுக்கு மாத்துதாங்க. ஜார்ஜியா சரிப்பட்டு வருமா? நல்லது எது, கெட்டது எதுன்னு சொல்லுங்க, எக்ஸெல்ல போட்டுக்கிடுதேன்."

இதே கேள்வியை 1995இல் நானும் ஒருவரிடம் கேட்டேன். அட்லாண்டாவில் பத்து வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்ட ஓர் அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அப்போதும் எக்ஸெல் இருந்தது. ஆனால் நான் எழுதிக்கொண்டது சிவகாசி டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று. அண்ணாச்சி மூச்சு விடாமல் சொன்னார்: "வே, வீடு மலிவு. ரோடு காலி. பனி கிடையாது. வெக்கை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் சர்ச்சுக்குக் கூப்பிடுவான். இட்லி அரிசிக்கு டெகேட்டர் வரைக்கும் காரை ஓட்டணும். நம்ம ஆளுக ரொம்பக் கம்மி."

"கடைசியாச் சொன்னதை எந்தப் பக்கம் எழுத அண்ணாச்சி?"

"அது உம்ம பாடு" என்று போனை வைத்துவிட்டார்.

தெற்கத்தியானாக இருப்பது எனக்குப் புதிதில்லை. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில் விடுதியில் சேர்ந்த அன்று நான் வாயைத் திறந்ததுமே நாலு பேர் "ஏலே" என்று கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவனும் நானும் பிறகு தில்லிக்கு வேலைக்குப் போனோம். அங்கே அவனும் மதராஸி, நானும் மதராஸி. மைலாப்பூருக்கும் கோவில்பட்டிக்கும் தில்லிக்காரன் வித்தியாசம் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அப்புறம் நியூஜெர்ஸி. ஜார்ஜியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அலுவலக நண்பர் ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோல் என் தோளில் கைவைத்தார். பிறகு தெற்கத்திக்காரர்கள் எப்படி இழுத்து இழுத்துப் பேசுவார்கள் என்று நடித்துக் காட்டினார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் அந்தச் சிரிப்பை எங்கே கேட்டிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் மாதம் வந்து இறங்கினேன். கோவில்பட்டி வெயில் அடிக்கும். ஜார்ஜியா வெயில் கட்டிப்பிடிக்கும். பிழியாத ஈரத் துண்டைத் தலையில் போர்த்தியது மாதிரி. மண்ணைப் பார்த்தால் திருச்செந்தூர்த் தேரிக்காட்டுச் செம்மண். சாலையோர மரங்களையெல்லாம் குட்ஸு என்ற கொடி போர்த்தி மூடியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த கொடி. மண் அரிப்பைத் தடுக்க நல்லது என்று 1930களில் அரசாங்கமே விவசாயிகளுக்குக் காசு கொடுத்து நடச்சொன்னதாம். எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் கதையை அறிந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து எங்களுக்கு வந்தது என்பதால், கணக்கு நேராகிவிட்டது என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் வாரம் மேக்கன் போகும் வழியில், தகரக் கொட்டகை ஒன்றில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தால் அவித்த நிலக்கடலை! தோலோடு, உப்புப் போட்டு, விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிற அதே பச்சைக் கடலை. நியூஜெர்ஸிக்காரர்களுக்கு இப்படி ஒரு பண்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நான் இரண்டு பை வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து தின்றேன். அமெரிக்காவில் விளையும் நிலக்கடலையில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு மாநிலத்தில்தான். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரின் கடலை விவசாயி. வெண்டைக்காயும் உண்டு, ஆனால் சோளமாவில் புரட்டிப் பொரித்துவிடுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்து சேர்ந்த காய் அது. கிரிட்ஸ் என்று காலையில் தருவது மக்காச்சோள ரவைக் கஞ்சி. அவர்கள் அதில் வெண்ணெய் போடுவார்கள். என் மனைவி கடுகு தாளித்தாள்.

எங்கள் கரிசல் காட்டுக்கும் இந்தச் செம்மண்ணுக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. பருத்தி. 1861இல் இங்கே உள்நாட்டுப் போர் மூண்டு தெற்கத்திப் பருத்தி லங்காஷைர் ஆலைகளுக்குப் போகாமல் நின்றது. உடனே இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்தி என்று சந்தையில் பெயர் வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கும் அதில் சேர்த்தி. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அடிமை முறையைக் காப்பாற்ற இவர்கள் நடத்திய போரில் எங்கள் பக்கத்து யாரோ ஒரு முதலாளி மாடி வீடு கட்டியிருப்பார். இதைச் சாதகத்தில் எழுதுவதா பாதகத்தில் எழுதுவதா என்று அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பைபிளோடு வரவில்லை, பீச் பழப் பணியாரத்தோடு வந்தார். ஐந்தாவது நிமிஷம் கேட்டார்: "நீங்கள் எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" கடைக்காரர் கேட்டார். பல் மருத்துவர், என் வாயில் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு அநாகரிகம்! முதல் சந்திப்பில் ஒரு மனுஷனிடம் இதையா கேட்பார்கள்? அண்ணாச்சி வீட்டில் இதைச் சொல்லிப் பொருமினேன். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு தமிழர் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு, "சாருக்குக் கோவில்பட்டியில எந்தத் தெரு?" என்றார். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தெருவைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சுக்காரரிடம் எரிச்சல்பட்ட நான் இவரிடம் தெருப் பெயரைச் சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு இருக்கிறது. ஊரிலிருந்து வரும் எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்க் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது என் வேலை. கிங் 1959இல் இந்தியா போனபோது கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், யோசித்துப் பார்த்தபோது அது சரிதான் என்று பட்டதாகவும் 1965இல் இந்தத் தெருவில் இருக்கும் தன் தேவாலயத்திலேயே சொன்னார். இந்தக் கதையைச் சொன்னால் ஊரிலிருந்து வந்தவர்கள் சிலர் காந்தி சிலையை இன்னொரு தடவை படமெடுக்கத் திரும்பிக்கொள்வார்கள்.

நான் வந்தபோது மாநிலக் கொடியில் பாதிக்குமேல் அடிமை மாநிலங்களின் போர்க்கொடிச் சின்னம். 1956இல் சேர்த்தது. 2001இல் அதைச் சுருக்கி ஓரத்தில் வைத்தார்கள். மாற்றிய ஆளுநர் மறுவருஷம் தேர்தலில் தோற்றார். 2003இல் இன்னொரு கொடி வந்தது, அதுதான் இன்றும் பறக்கிறது. போர்ச் சின்னம் போய்விட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் புதிய கொடியோ, அதே அடிமை மாநிலக் கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடியைப் பார்த்து வரைந்தது. தெரியாதவர்களுக்குச் சந்தோஷம், தெரிந்தவர்களுக்குத் திருப்தி. இந்த ராஜதந்திரத்தை நம் ஊர் அரசியல்வாதிகள் இன்னும் கற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பீர் கிடையாது என்பது 2011 வரை சட்டம். எனக்கு நஷ்டமில்லை; அண்ணாச்சிக்கு இருந்தது.

இனி மருமகனின் எக்ஸெலுக்கு வருகிறேன். அவன் அலுவலகம் ஆல்ஃபரெட்டாவில் என்றால் வீடு பார்க்கப்போவது பக்கத்து ஃபோர்சைத் கவுண்டியில். 1995இல் அந்தப் பக்கத்தைப் பற்றி அண்ணாச்சி எனக்குச் சொன்ன புத்திமதி: "லேனியர் ஏரியைப் பாக்கப் போனீர்னா, இருட்டுறதுக்குள்ள திரும்பிரும்." காரணம் இருந்தது. 1912இல் அந்தக் கவுண்டியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடித்தும் மிரட்டியும் விரட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது வெள்ளையர் மட்டுமே வாழும் ஊராக இருந்தது. 1987 ஜனவரியில் அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் கல் விழுந்தது. அடுத்த வாரம் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நடந்தார்கள், காவலுக்கு ராணுவப்படை நின்றது. ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை அங்கேயே கொண்டுபோய் நடத்தினார். 1990இல் அங்கே 44,000 பேர். 2020இல் இரண்டரை லட்சம். இன்று ஆறு பேருக்கு ஒருவராவது ஆசிய வம்சாவளி. முருங்கைக்கீரை ஐந்து நிமிஷத் தூரத்தில் கிடைக்கிறது. பொங்கல் விழாவில் நின்றுகொண்டு 1912 கதையை ஒரு தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா ஸ்கூல் ரேட்டிங் பத்துக்குப் பத்து சார்" என்றார். இன்னொருவர், புதிய அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்தால் யார் யாரோ வந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டார். அவர் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

நான் இருப்பது க்வின்னெட் கவுண்டி. நகர ரயில் எங்களுக்கு வேண்டாம் என்று 1971இலும் 1990இலும் வாக்களித்த கவுண்டி. ரயில் வந்தால் கூடவே யார் யாரெல்லாம் வருவார்கள் என்பது அன்றைய வெள்ளையரின் பயம். 2019இல் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை அதே வாக்கியத்தை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் சுத்தமான தமிழிலும் தெலுங்கிலும் கேட்டேன். மூன்றாம் முறையும் தோற்றது. நான் ரயிலுக்கு ஆதரவு. ஆனால் அன்று சாயங்காலம் 85ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால் வாக்குச்சாவடி மூடுமுன் போய்ச்சேர முடியவில்லை.

ஆக, 'ரோடு காலி' போயிற்று. 'வீடு மலிவு'? நான் ஒன்றரை லட்சம் டாலருக்குள் வாங்கியதைச் சொன்னபோது மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. 'பனி கிடையாது' என்பதை 2014 ஜனவரி 28 பார்த்துக்கொண்டது. விழுந்தது இரண்டரை அங்குலம். மொத்த ஊரும் ஒரே மத்தியானத்தில் வீட்டுக்குக் கிளம்பி, சாலையெல்லாம் உறைந்து நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார்கள். 285ஆம் நெடுஞ்சாலையில் காருக்குள் ஒரு குழந்தையே பிறந்தது. நான் இருபது மைல் தூரத்தைப் பதினாறு மணி நேரத்தில் கடந்தேன். கோவில்பட்டியில் அந்தத் தூரத்துக்குக் கட்டைவண்டி போதும். ஃப்ளோரிடாவுக்குக் குடிபோயிருந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "பனி கிடையாதுன்னீரே" என்றேன். "ரெண்டரை அங்குலம் ஒரு பனியாவே?" என்றார்.

அவர் பாதகம் என்று சொன்னவைதான் கடைசியில் கைகொடுத்தன. வெக்கை பழகிவிட்டது, இப்போது வடக்கே போனால் முழங்கால் வலிக்கிறது. அந்நியர்கள் பார்த்ததும் வணக்கம் சொல்வதும், மேடம், சார் என்று மரியாதை வைப்பதும், எதிரே இருப்பது ஒருவரானாலும் 'யால்' என்று பலரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவதும் எனக்கு நம் 'நீங்க'வாகவே கேட்கிறது. 'ப்ளெஸ் யுவர் ஹார்ட்' என்று சொன்னால் ஆசீர்வாதம் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லும் "நல்லா இருப்பே, போ"தான் அது.

பட்டியலில் அண்ணாச்சி சொல்லாமல் விட்டது துப்பாக்கி. 2022 முதல் பெரும்பாலான பெரியவர்கள் உரிமம் வாங்காமலே மறைத்து எடுத்துப்போகலாம். 2021 மார்ச்சில் அட்லாண்டாவிலும் அருகிலும் மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், ஆறு பேர் ஆசியப் பெண்கள். அந்த வாரம் முழுக்க மனைவி மளிகைக் கடைக்குத் தனியாகப் போகவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லாம் சொல்லி முடித்தபின் மருமகன் கேட்டான்: "மாமா, 'நம்ம ஆளுக நெறைய'ன்னு ஒண்ணு சொன்னீங்களே. அதை எந்தப் பக்கம் போட?"

"அது உன் பாடு" என்றேன்.

மார்ச் கடைசியில் வருகிறான். வீடு அமையும்வரை எங்கள் கீழ்த்தளத்தில் இருப்பான். அந்த மாதம் பைன் மரங்கள் பூந்தாதை உதிர்க்கும். ஊரே மஞ்சள் நீராட்டு விழா மாதிரி இருக்கும். 2025 மார்ச் 29 அன்று மகரந்த எண்ணிக்கை 14,801 என்று, அதுவரை பதிவானதிலேயே உச்சத்துக்குப் போனது. என் முதல் வசந்தத்தில் நான் ஒரே வாரத்தில் நாலு தடவை காரைக் கழுவியதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மருமகனிடம் காரை ஏப்ரல் முடியும்வரை கழுவாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.