பொருள்: சந்தனகிரி பிரிவில் போட்ட போரில் புழுதி மட்டும் வருவது குறித்து

பெறுநர்: உயர்திரு சி.பி.சி.ஐ.டி. அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஆத்தூர்ப் பக்கம் நாலு ஏக்கரில் மரவள்ளி போட்டிருப்பவன். போன கோடையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரச்சொல்லிப் போர் போட்டேன். 800 அடி வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. "இன்னும் நூறடி போட்டுப் பார்க்கலாமுங்க" என்றார் வண்டிக்காரர். 1,000 அடி தாண்டியும் ஈரமில்லை. அடிக்கணக்குக் காசை மட்டும் கறாராக எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் தங்கள் ஞாபகமும், தங்கள் கையிலிருக்கும் கொடநாடு வழக்கின் ஞாபகமும் வந்தன.

2017 ஏப்ரல் 24 விடியற்காலை, கொடநாட்டில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் எஸ்டேட் காவலாளி ஓம் பகதூரைக் கொன்றார்கள். தொள்ளாயிரம் ஏக்கர் எஸ்டேட். கேமராக்கள் வேலை செய்யவில்லை என்றார்கள். களவு போனதாகக் கணக்கில் ஏறியவை சில கைக்கடிகாரங்களும் ஒரு காண்டாமிருகப் பொம்மையும். ஒரு கும்பலே மலையேறியது மணி பார்க்கத்தான் என்று நாங்களும் நம்பிக்கொண்டோம். நம்புவதற்குக் காசா பணமா?

நாலே நாளில் கதை எங்கள் ஊருக்கு இறங்கி வந்துவிட்டது. வழக்கில் முதலில் தேடப்பட்டவர் கனகராஜ். ஜெயலலிதாவின் முன்னாள் கார் ஓட்டுநர், எடப்பாடி பக்கத்துக்காரர். 28ஆம் தேதி இரவு ஆத்தூர் சந்தனகிரி பிரிவில் அவர் பைக்கும் ஒரு காரும் மோதின, அவர் இறந்தார். மறுநாள் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு விபத்து. வழக்கில் சிக்கிய இன்னொருவர் பிழைத்துக்கொள்ள, அவர் மனைவியும் சின்னப் பெண்குழந்தையும் போய்விட்டார்கள். அந்தக் குழந்தையை வைத்துப் பகடி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். ஜூலையில் எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தூக்கில் தொங்கிக் கிடந்தார்.

சந்தனகிரி சமாச்சாரத்தை விபத்து என்று எழுதிக் கட்டி வைத்தார்கள். 2021இல் ஆட்சி மாறியது, கட்டை அவிழ்த்தார்கள். போன் தடயங்களை அழித்ததாகக் கனகராஜின் அண்ணனைக் கைது செய்தார்கள். 2022இல் மொத்தக் கட்டும் தங்கள் மேசைக்கு வந்தது. நூற்றுக்கணக்கில் சாட்சிகளை விசாரித்தீர்கள். நூறடி, இன்னும் நூறடி. எங்கள் நாமக்கல் லாரி அசாம் வரைக்கும் போகும் ஐயா. போனாலும் எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்று டிரிப் ஷீட்டில் இருக்கும். இந்தக் கோப்பு ஏற்றிய லோடை எங்கேயும் இறக்கின மாதிரி தெரியவில்லை.

தங்களுக்குத் துப்பு துலக்கத் தெரியாதென்று வாய்தவறியும் சொல்ல மாட்டேன். 2015இல் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்திப் போய்க் கொல்லப்பட்ட ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கு தங்கள் கையில்தான் இருந்தது. கோயில் கேமராப் பதிவு கோர்ட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2022இல் முக்கியக் குற்றவாளி யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2016இல் சேலத்திலிருந்து சென்னை போன ரயிலின் கூரையில் ஓட்டை போட்டு ரிசர்வ் வங்கிக்குப் போன பணத்தில் 5.78 கோடியை இறக்கினார்களே, அதற்கு நாசாவின் செயற்கைக்கோள் படம் வரைக்கும் கேட்டுப் போனீர்கள் என்று பத்திரிகையில் படித்தோம். 2018இல் மத்தியப் பிரதேசக் கும்பலைப் பிடித்தும் காட்டினீர்கள். பழைய ஐந்நூறும் ஆயிரமும் அதற்குள் செல்லாமல் போயிருந்தன, அது வேறு கதை. வானத்திலிருந்து பார்த்தால் ரயில் கூரை தெரிகிறது, சந்தனகிரி பிரிவு மட்டும் தெரியவில்லையா? மேகமூட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். ஏப்ரலில் ஆத்தூரில் மேகத்தைப் பார்த்தவர் யார்?

என்னிடம் இரண்டே விண்ணப்பம். நாமக்கல்லில் முட்டை விலையைத் தினமும் அறிவிக்கிறார்கள். ஏறினாலும் சொல்கிறார்கள், இறங்கினாலும் சொல்கிறார்கள். தாங்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது வழக்கின் நிலவரத்தை இரண்டு வரியில் அறிவிக்கலாம். "இன்றைக்கு மாற்றமில்லை" என்றாலும் போதும், வாங்கிக்கொள்கிறோம்.

இரண்டாவது, ஓம் பகதூர். கொடநாடு பங்களாவில் என்ன தேடினார்கள், யார் அனுப்பினார்கள் என்று எல்லா மேடையிலும் பேசியாகிவிட்டது. ஓட்டுக் கேட்டவர்களும் பேசினார்கள், ஓட்டுப் போட்டவர்களும் பேசினோம். நேபாளத்திலிருந்து வந்து ராத்திரி கேட்டில் நின்ற அந்த மனுஷனைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர் வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை என்னால் எழுத முடியாது, தாங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
புழுதி துடைத்துக்கொண்டிருக்கும்
ஆத்தூர் குடியானவன்