பாரிக்கு 80ஜி கிடைக்காது

முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரி அப்புறம் எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று எந்தத் தமிழாசிரியரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நடந்துதான் போயிருக்க வேண்டும். பறம்பு மலையில் அன்றைக்கு ஒரு போட்டோகிராபர்கூட இல்லை. கொடிக்கு நன்றிக் கடிதம் எழுதத் தெரியாது, ரசீது போடத் தெரியாது. இப்படி ஒரு விவரமில்லாத தானத்தை வைத்துக்கொண்டுதான் நாம் ஈராயிரம் வருஷமாகப் பீற்றிக்கொண்டிருக்கிறோம். டெல்லியில் இருந்திருந்தால் பாரிக்கு ஒரு நல்ல ஆடிட்டராவது கிடைத்திருப்பார்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கோல்ஃப் லிங்க்ஸில் ஒரு பெரிய மனிதர். (பெயர் வேண்டாம், அப்படி ஒருவர் இல்லை. இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் கதை.) அவர் வீட்டுப் போர்ட்டிகோவில், பட்டுப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல உறை போர்த்தி, ஒரு ஜாகுவார் இ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் உலகத்துக்கு முகம் காட்டிய வண்டி. நீள மூக்கு, 3.8 லிட்டர் இன்ஜின், மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்றார்கள். ஐ.டி.ஓ. சிக்னலில் அது எவ்வளவு போகும் என்பது வேறு விஷயம். வெள்ளைக்காரன் சரக்கு என்ற கூச்சமும் இனித் தேவையில்லை. 2008 முதல் ஜாகுவார் கம்பெனியே டாடா கையில் இருக்கிறது.

பெரிய மனிதருக்கு ஒரு நாள் காலை நடையில் ஞானோதயம்: இதை ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

கரோல் பாக் ஆடிட்டர், நம் ஊர்க்காரர், பதறிப்போய் ஓடி வருகிறார். "சார், பொருளாக் குடுத்தா வருமான வரி 80ஜியில ஒத்தப் பைசா சலுகை கிடையாது. பணமாத்தான் குடுக்கணும். அதுவும் ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல போனா கணக்குல வராது. நான் சொல்றதைக் கேளுங்க. காரை வித்துடுங்க. சொந்த உபயோகத்துக் கார், வர்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அதுல கொஞ்சம் எடுத்து ஒரு டிரஸ்டுக்கு செக் போடுங்க. பழைய வரி முறையில இருந்தீங்கன்னா பாதித் தொகைக்குக் கழிவு. டிரஸ்ட் நம்ம அம்மா பேருல இருந்தா இன்னும் விசேஷம்."

கொடிக்குக் கொடுக்காதே, தேரை விற்று உன் தோட்டத்துக்கே ஒரு கொழுகொம்பு வாங்கு என்கிறார். சட்டப்படி அவர் பேச்சில் ஓட்டை இல்லை.

இந்த விஷயத்தில் நமக்கு அண்ணன் அமெரிக்கா. அங்கே பழைய காரைத் தர்மத்துக்குத் தள்ளிவிடுவது பெரிய வழக்கம். ஓடாத வண்டியைக் கொடுத்துவிட்டு, விலைப் புத்தகத்தில் போட்டிருக்கும் விலையை அப்படியே வரியில் கழித்துக்கொண்டிருந்தார்கள். அமைப்பின் கையில் சேர்ந்ததோ அதில் சொச்சம். 2004-இல் ஒரு சட்டம் வந்தது: 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அந்த அமைப்பு வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் கணக்கு. மறு வருஷமே அப்படித் தானம் செய்வோர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வள்ளல்கள் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் எங்கே போனார்கள்?

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், இங்கிலாந்தில் ஒருவர் 2015-இல் கண்ணை மூடினார். உயிலில் இரண்டு பழைய ஃபெராரிகளைக் கடலோர உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஏலத்தில் 85 லட்சம் பவுண்டு. அதற்கு மேல் அதில் நக்கல் செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நம் பக்கத்துக் கொடைச் சரித்திரம் கொஞ்சம் வேறு மாதிரி. 2002-இல் பிராட்மனின் 29 சதங்களைத் தொட்டதற்காக டெண்டுல்கருக்கு ஒரு ஃபெராரி பரிசாக வந்தது. பசித்தவனுக்கு உணவு கிடைத்ததைப் பார்த்து அரசும் நெகிழ்ந்து, 1.13 கோடி ரூபாய் சுங்கவரியைத் தள்ளுபடி செய்தது. டெல்லி உயர்நீதிமன்றம் வரை விவகாரம் போன பிறகு, காரைக் கொடுத்த கம்பெனியே வரியையும் கட்ட முன்வந்தது. 2011-இல் அந்தக் கார் சூரத் தொழிலதிபர் ஒருவரிடம் விலைக்குப் போனது. 2015 ஜனவரியில் ஹைதராபாத் ஹவுஸில் நம் பிரதமர், அமெரிக்க அதிபர் ஒபாமாவோடு தேநீர் குடித்தபோது அணிந்திருந்த, உடலெங்கும் தன் பெயரே கோடாக ஓடிய கோட்டு சூட்டும் சூரத்துக்குத்தான் போனது. ஏலத் தொகை 4.31 கோடி, கங்கையைச் சுத்தம் செய்ய. அந்தக் கங்கையில் போய்க் கலக்கும் யமுனை, காளிந்தி குஞ்சில் குளிர்காலம் வந்தால் இன்னும் வெள்ளை நுரை தள்ளுகிறது.

சென்னையில் இன்னொரு ரகம். 2012-இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்டுக்கு நுழைவு வரி கேட்கக் கூடாதென்று நடிகர் விஜய் வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்சம் ரூபாயை முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கட்டச் சொன்னார். இரண்டே வாரத்தில் அதற்குத் தடை வந்தது. நீதிபதியின் கடுஞ்சொற்களும் பிறகு நீக்கப்பட்டன. பிரிட்டிஷ் காரிலிருந்து ஏழைக்கு ஒரு லட்சம் கறக்கப் பார்த்த முயற்சி அத்தோடு சரி.

கோல்ஃப் லிங்க்ஸுக்கே திரும்புவோம். 80ஜி இருந்தது 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில். ஜாகுவாருக்கும் சட்டத்துக்கும் ஒரே வயசு. 64 வயசாகிவிட்டது, பழசு என்று சொல்லி நாடாளுமன்றம் 2025-இல் புதுச் சட்டம் இயற்றிவிட்டது. அதே 64 வயசுக் கார் பாரம்பரியச் சொத்து. 2021-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிக்குத் தனி மரியாதை: 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்று வெளியே எடுக்கலாம்.

டெல்லியில் மற்ற வண்டிகளின் ஜாதகம் வேறு. பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷ ஆயுள், டீசலுக்கு 10. பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்சநீதிமன்றமும் முத்திரை குத்திய கணக்கு. ஆக, 15 வயசில் பிணம், 50 வயசில் குலதெய்வம். நடுவில் இருக்கும் 35 வருஷம் வண்டியை எங்கே வைத்திருப்பது? சத்தர்பூரில் பண்ணை வீடு இருந்தால் வைக்கலாம். தெருவோரம் நிறுத்தும் ஸ்கூட்டர் எந்தக் காலத்திலும் பாரம்பரியம் ஆக முடியாது. அந்த விதியை எழுதிய கைக்கு இது தெரியாது என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

2025 ஜூலை 1 அன்று இந்தப் பிணங்களுக்கு எரிபொருள் கிடையாது என்று டெல்லி பெட்ரோல் பங்க்குகளில் போர்டு மாட்டினார்கள். நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா, பக்கத்தில் போலீஸ். 84 லட்சத்துக்கு வாங்கிய மெர்சிடிஸை இரண்டரை லட்சத்துக்கு விற்க நேர்ந்தது என்று ஒருவர் புலம்பியது நாடு முழுக்கச் செய்தியானது. அந்த வாரம் பைக் பறிபோனவன் எந்தப் பேப்பரில் வந்தான்? மூன்றாம் நாளே டெல்லி அரசு, கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று கடிதம் எழுதியது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 புகை விதிப்படி செய்த வண்டிக்கும் அதற்கு மேலானதற்கும்தான் என்றது.

இங்கேதான் சூட்சுமம். டெல்லியில் கார்களுக்கு பி.எஸ்.4 வந்தது 2010-இல். இருசக்கர வண்டிக்கு அது கட்டாயமானது 2017-இல். 2011-இல் வாங்கிய பெட்ரோல் கார் 15 வயசு தாண்டினாலும் தப்பிக்கும், அதே வருஷத்து பைக் மாட்டும். இ-டைப்போ பி.எஸ். என்ற எழுத்தே பிறக்காத காலத்தது, அதன் புகைக்கு பி.எஸ். கோடே கிடையாது. சுவாசிக்கிறவனுக்கு மட்டும் ஒரே நுரையீரல்.

ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, இப்படிப்பட்ட கார்களின் அணிவகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். 1964-இலிருந்தே டெல்லியில் இந்த வழக்கம் உண்டு. தொப்பி வைத்த கனவான்கள், தட்டில் சமோசா, பாண்டு வாத்தியம். ஓரத்தில் நம் வண்டலூரில் செய்த ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கல்யாண வீட்டில் ஏழைச் சித்தப்பா மாதிரி ஒதுங்கி நின்றது. இந்தப் பக்கம் சிவப்பாக ஓர் இ-டைப். ஐம்பது வயசிருக்கும் ஒருவர் மஞ்சள் துணியால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விரலில் துணியைச் சுற்றி, கம்பியின் அடிவரை விட்டு எடுத்து, துணியை மடித்து அடுத்த கம்பி. எழுபது கம்பியாவது இருக்கும்.

"எப்படி வந்தீங்க பாய்சாப்?" என்றேன்.

"பஸ்ல. என் பைக் பதினாறு வருஷம் ஆயிடுச்சு, வெளியே எடுக்கிறதில்லை. புடிச்சிட்டா என்ன பண்றது?"

"இந்த வண்டிக்கு எவ்வளவு வயசு?"

"எனக்கு அண்ணன் வயசு" என்று சிரித்தார். "இதை யாரும் புடிக்க மாட்டாங்க."

பன்னிரண்டு மணிக்குக் கொடி அசைத்தார்கள். சிவப்பு வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. முதலாளி ஸ்டியரிங்கை விடவில்லை, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றவில்லை. மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பாய்சாப் வண்டிக்குப் பின்னால் போனார். கூட இரண்டு செக்யூரிட்டிகள். நானும் ஒரு கை கொடுத்தேன். "ஜோர் லகாகே!" என்று அவர் குரல் கொடுக்க, முப்பதடி தள்ளியதும் இன்ஜின் பிடித்தது. குழாயிலிருந்து நீலப்புகை ஒன்று எங்கள் நாலு பேர் முகத்திலும் அடித்தது. முன்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.