கொள்ளிவாய்ப் பிசாசுக்கு உத்தியோகம்

1970-களின் நடுவில் காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில் எனக்குத் தெரிந்து நான்கு பேய்கள் குடியிருந்தன. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துப் பதிவேட்டில் அவை ஏறியிருக்காது. ஆனால் கதவிலக்கம் தவிர மற்ற எல்லா விவரமும் என் ஆயாவிடம் இருந்தது. குளத்தங்கரைப் புளியமரத்தில் ஒரு முனி. கடற்கரைக்குப் போகும் வழியில், பனந்தோப்பில் ஒரு மோகினி. உப்பங்கழியை ஒட்டிய சேற்றில் கொள்ளிவாய்ப் பிசாசு. நான்காவதற்குப் பெயரும் கிடையாது, இருப்பிடமும் கிடையாது. ராத்திரியில் வாசலுக்கு வெளியே நின்று நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம். முனிக்கு உச்சிவேளை, அந்த நேரத்தில் புளியமரத்தடிக்குப் போனால் ரத்தம் கக்க வேண்டியதுதான். மோகினி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் கையோடு போய்விடுவோம், கத்தி நுனியில் வைத்து நீட்டவேண்டும். ஏழு வயசுப் பையன் இடுப்பில் சுண்ணாம்பும் கத்தியுமாகத் திரிய முடியுமா என்று ஆயாவிடம் யாரும் கேட்டதில்லை. கூப்பிடும் பேய்க்கு எண்ணிக்கை இரண்டுக்கு மேல் தெரியாது.

"மூணாவது தடவ கூப்புட்டாத்தான் மனுசன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

பேய்களை நம்பித்தான் ஊர் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. உச்சி வெயிலில் பிள்ளைகள் குளத்தில் விழாமல் முனி பார்த்துக்கொண்டது. யாரும் தனியாகக் கடற்கரைக்குப் போகாதபடி மோகினி காவல் இருந்தாள். சேற்றில் இறங்கி மாட்டிக்கொள்ளாமல் கொள்ளிவாய் விரட்டியது. கூலி என்று பார்த்தால் வருஷத்துக்கு ஒரு சேவலும் கொஞ்சம் பொங்கலும்.

இதில் மோகினியோடு எனக்குச் சொந்த வழக்கு ஒன்று உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை இருட்டும் நேரம். ஆயா ஒரு தூக்கில் வறுத்த சங்கரா மீன் நான்கு துண்டு போட்டு, சின்னம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். சின்னம்மா வீடு தோப்புக்கு அந்தப் பக்கம். வறுத்த மீனும் கறிக்குழம்பும் ராத்திரியில் தெருவில் போனால் வாசத்துக்குக் காத்துக்கருப்பு கூடவே வரும். அதனால் மூடிக்கு மேல் ஒரு துண்டு அடுப்புக்கரி வைத்தாள். கரியோ இரும்போ கூட இருந்தால் அவை அண்டாது. பாதி வழியில், பனையோலை சலசலத்த இடத்தில், எனக்குப் பயம் வந்தது; பசியும் வந்தது. பசிதான் ஜெயித்தது. இரண்டு துண்டை அங்கேயே நின்று தின்றேன். கரியைத் தூர எறியத் தைரியம் வரவில்லை. கவனமாக எடுத்து மறுபடி மூடிமேல் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் விசாரணை. "மோகினி எடுத்துட்டா ஆயா" என்றேன், குரலில் நடுக்கத்தோடு.

ஆயா பதறவில்லை. "கரி எங்கடா இருந்துச்சு?"

"மூடி மேலயே இருந்துச்சு."

"கரி இருக்கயில அவ எப்படித் தொட்டா?"

தூக்கு கையில் இருக்க, சாட்சி மூடிமேல் இருக்க, நான் பிடிபட்டேன். மூடநம்பிக்கை என்று பின்னாளில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் திட்டிய அதே விஷயம்தான் அன்று தடய அறிவியலாக வந்து என் முதுகில் இரண்டு போட்டது.

தரங்கம்பாடியைத் தாண்டி வடக்கே போனால் பூம்புகார். அங்கே ஒரு நாற்சந்தியில் பூதம் ஒன்று நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. போலித் துறவி, துரோகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை தேடுபவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன் எல்லாரையும் பாசக்கயிற்றால் கட்டி, அறைந்து தின்னும் சதுக்கப்பூதம். இப்போது நாற்சந்திகளில் அந்தப் பதவியில் சிசிடிவி கேமரா நிற்கிறது. அதன் அதிகாரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். தலைக்கவசம் போடாதவன்தான் அதன் கையில் மாட்டுகிறான். புறங்கூறுபவர்களும் அமைச்சர்களும் பயமில்லாமல் கடந்து போகிறார்கள்.

பேயை இகழ்ந்து பேச இந்தப் பக்கத்து மண்ணுக்குத் தகுதியில்லை என்பது என் கட்சி. எங்கள் ஊர்ச் சாமியே வேடனாக வந்தவர். தவம் செய்த அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கொடுக்க வேட்டுவ வேஷம் போட்டு வந்தார் என்பது தலபுராணம். பாரதக் கதைப்படி கூட வந்த பரிவாரம் பூதகணங்கள். மாசி மகத்துக்கு அவர் கடலாடப் போகும்போது பின்னால் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருக்கிறேன், கணங்களில் ஒருவனாக. அப்புறம், காரைக்காலின் மிகப்பெரிய கவிஞர் யார்? புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண். மாம்பழ அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன் விலகிப் போனபின், இந்த அழகும் சதையும் எனக்கு எதற்கு, பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். தன் பாட்டுகளில் கையெழுத்துப் போடும்போதும் காரைக்கால் பேய் என்றே போட்டார். கயிலைக்குக் காலால் நடக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனவரைச் சிவன் "அம்மையே" என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். ஆண்களை மயக்க அழகு தரிக்கிறவள் மோகினி. இவரோ அழகைக் கழற்றிப் போட்டவர். எங்கள் வீட்டில் யாராவது பிள்ளையைப் "பேயே" என்று திட்டினால் ஆயா அதட்டுவாள்: "அது அம்மையாரோட பட்டம். இதுக்குப் போயி குடுக்காத."

அந்தப் பேயின் செப்புத்திருமேனி ஒன்று, சோழர் காலத்தது, எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பது, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரைக்காலிலோ ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். அப்போது நான் பழத்தைப் பிடிக்கத் துண்டை விரித்து நிற்பேன். இப்போது பாதிப்பேர் கையை உயர்த்தி நிற்பது பழம் பிடிக்க அல்ல, படம் பிடிக்க. பழம் செல்போனில் பட்டு உடைந்தால் அம்மையாரின் சோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொள்ளிவாய்க்கு வருகிறேன். அதை நான் பார்த்ததில்லை, சித்தப்பா பார்த்திருக்கிறார். ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி, சேற்றுக்கு மேலே நீலமாக ஒரு சுடர் எரிந்து, நகர்ந்து, இவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்ததாம். சித்தப்பா காரைக்காலின் புகழ்பெற்ற திரவத்துக்கும் வாடிக்கையாளர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று தமிழ்நாட்டு எல்லையான நண்டலாறு தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் வழியில் என்னென்னவோ பார்க்கிறார்கள்.

பின்னாளில் நான் அறிவியல் வாத்தியார் ஆனதும் முதல் வேலையாகக் கொள்ளிவாயை ஒழித்தேன். கரும்பலகையில் மீத்தேன் என்று எழுதினேன். 1776-ல் இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்டா மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திக் காட்டிய கதையைச் சொன்னேன். அழுகிய செடிகொடியிலிருந்து வரும் வாயு அப்பா, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று முடிப்பேன். "வோல்டா நெருப்பு வச்சாரு சார். நம்மூரு சேத்துல யாரு வச்சது?" என்று எந்த வகுப்பிலும் ஒருவன் கேட்பான். அது தானாக எப்படிப் பற்றுகிறது என்பதில் விஞ்ஞானிகளே ரொம்ப காலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை நான் டஸ்டரைத் தேடுவேன்.

1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. நிரவியில் ஓஎன்ஜிசி அலுவலகம் வந்தது. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆயாவோடு ராத்திரி வேனில் திரும்புகிறோம். வயல்களுக்கு நடுவே, உயரமான குழாய் முனையில், ஆள் உயரத்துக்குத் தீ நாக்கு. பக்கத்திலிருந்த தென்னைகளெல்லாம் சிவப்பு.

"யாத்தே, இவ்வளவு பெருசா!" என்றாள் ஆயா.

"அது பூமிக்குள்ளேர்ந்து வர்ற வாயு ஆயா. கம்பெனிக்காரங்க எரிக்கிறாங்க."

"நான் மட்டும் வேற என்னடா சொன்னேன்? நம்மூட்டுது சின்னது. இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. சேற்றில் வந்ததும் மீத்தேன்தான், குழாய் முனையில் எரிந்ததிலும் பெரும்பங்கு மீத்தேன்தான். ஒரே வித்தியாசம், பழைய கொள்ளிவாய்க்குக் குழந்தைகள் பயந்தார்கள். புதியதற்கு விவசாயிகள் பயந்தார்கள். நிலத்தடி நீரும் வயலும் என்னாகும் என்று டெல்டா முழுக்கப் போராடினார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் நண்டலாற்றில் வந்து நின்றுவிட்டது, ஏனென்றால் இந்தப் பக்கம் புதுச்சேரி. பிராந்தி எல்லை தாண்டும், சட்டம் தாண்டாது.

இப்போதைய கணக்கைச் சொல்ல வேண்டுமானால்: புளியமரம் சாலை அகலப்படுத்தியபோது போயிற்று. முனியைப் பெயர் சொல்லிச் சினிமாவுக்கு எடுத்துக்கொண்டார்கள், 2007-ல். பனந்தோப்பில் மஞ்சள் கல் நட்டு மனைப்பிரிவு. 2010-ல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் எங்கள் ஊருக்கு வந்து, இருநூறு ஏக்கருக்கு மேல் வளைத்துச் சுவர் எழுப்பி விளக்குப் போட்டது. பெயர் புதுச்சேரி என்.ஐ.டி.; இருப்பது புதுச்சேரியிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, திருவேட்டக்குடியில். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே விடுதிக்குப் பிரியாணி கொண்டுபோகிற பையனைப் பார்க்கிறேன். மூடிமேல் கரி இல்லை. திருப்பத்து நாய்க்கும், கைபேசியில் விழப்போகும் ஒற்றை நட்சத்திரத்துக்கும்தான் அவன் பயப்படுகிறான்.

டீக்கடையில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், இந்த ஊர்ல பேய் ஏதாச்சும் இருக்கா? ரீல்ஸ் போடணும்." எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்கையும் சொன்னேன். "லொகேஷன் அனுப்புங்க சார்" என்றான். இரண்டு நாள் கழித்து வீடியோவைக் காட்டினான். இறக்கிப் போட்ட நரி ஊளை, இறக்கிப் போட்ட கொலுசுச் சத்தம், வெள்ளைச் சேலை கட்டிய நண்பன். ஆயாவின் மோகினி ஒருநாளும் வெள்ளை கட்டியதில்லை, அரக்குச் சேலைதான். 1978-ல் வந்த ஜகன்மோகினியில் காலை அடுப்புக்குள் விட்டு விறகாக எரித்துச் சமைத்த பேயைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அடுப்பங்கரைக்குப் போகாதவன் நான். இந்த வீடியோவைப் பார்த்து எனக்குக் கொட்டாவி வந்தது. பார்வை நாற்பதாயிரம் தாண்டிவிட்டதாம்.

ஒன்றைப் பற்றி மட்டும் இந்தக் கரையில் யாரும் பேய்க்கதை கட்டவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அகாலச் சாவு, ஆசை தீராத சாவு, பேயாவதற்கு ஆயா சொன்ன எல்லாத் தகுதியும் அவர்களுக்கு இருந்தன. 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் இஷினோமாகி நகரத்து டாக்சிக்காரர்கள் சிலர், ஏறி உட்கார்ந்து இடம் சொல்லிவிட்டுக் காணாமல் போன பயணிகளைப் பற்றி ஒரு கல்லூரி மாணவியிடம் சொன்னார்கள். பயந்ததாகச் சொல்லவில்லை. இங்கே குப்பத்தில் என்னோடு படித்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம் மவ வந்தா நான் ஏன் வாத்தியாரே பயப்படப் போறேன்" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

ஆயாவின் உபதேசம் எனக்கு ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது. அதற்குள் மணிமேகலையைப் படித்து முடித்திருந்தேன். சுடுகாட்டு வழியே தனியாகப் போன சார்ங்கலன் என்ற பையன், பிணத்தலையை ஏந்தி ஆடும் பேயைப் பார்த்து ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். தாய் கோதமை தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். சம்பாபதித் தெய்வம் சொல்லும் பதில்: பேய் யார் உயிரையும் தின்னாது, இவன் கலங்கியதைச் சாக்காக வைத்து ஊழ்வினை கொண்டுபோயிற்று. பூம்புகாரில் நடந்த கதை. என் வகுப்புகளில் வோல்டாவோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். காற்று ஓய்ந்து மின்சாரம் வராத அடுத்த ராத்திரி. என்.ஐ.டி. பக்கமும் இருட்டு, தெருவும் இருட்டு. நாற்பது சொச்ச வருஷம் கழித்து ஊர் பழைய கறுப்புக்கு வந்திருந்தது. தவளைச் சத்தம். எங்கோ ஒரு பனையோலை. நான் திண்ணையை ஒட்டிய அறையில் படுத்திருந்தேன். வாசலுக்கு வெளியிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நன்றாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. முப்பது வருஷத்து அறிவியல் வாத்தியார் வாயை இறுக மூடிக்கொண்டு எண்ணினேன். இரண்டு. அப்புறம் சத்தமே இல்லை. விடியும்வரை நான் தூங்கவில்லை. இரும்பு வேண்டுமே என்று கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்ததை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிக்கு ராத்திரி மூச்சிரைப்பு, டார்ச் லைட் கேட்க வந்தாராம். இப்போது பரவாயில்லை.

"ரெண்டு தடவ கூப்புட்டேன் வாத்தியாரே. நல்லாத் தூங்கிட்டீங்க போலருக்கு."

"இன்னொரு தடவ கூப்புட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"கூப்புட்டிருப்பேன்" என்றார். "ஒங்க வீட்டு வாசல்ல யாரோ தாழ்ப்பாள ஆட்டுற சத்தம் கேட்டுச்சு. பயந்து ஓடியாந்துட்டேன்."