உப்புத்தாள்

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், கடலுக்கு ஐந்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, ஐந்து வயது மகளின் அறைச் சுவரில் கடல் வரையக் கிளம்பியவன் நான். “ஜன்னலைத் திறந்தா ஆச்சே?” என்றாள் அம்மா. ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் என்றேன். “அதுவும் நீலமாத்தானே இருக்கு?”

குழந்தைக்குத் தனி அறை என்பது எங்கள் வம்சத்தில் அதுவரை நடக்காத காரியம். நான் வளர்ந்த வீட்டில் பாய் விரித்த இடம் படுக்கையறை; சுருட்டி மூலையில் சாத்தினால் அதுவே கூடம். இந்த அறையும் அரிசி மூட்டை, ஓடாத தையல் மிஷின், கம்பி நீட்டிய இரண்டு குடைகள் என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்ததுதான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் எட்டே நிமிடத்தில் தன் மகளின் அறையைக் காடாக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போனதைப் பார்த்தேன். அவருக்கு எட்டு நிமிடமென்றால் எனக்கு இரண்டு நாள் போதாதா? மகளின் பிறந்தநாள் ஐப்பசியில். புரட்டாசி முதல் சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன்.

ஆரம்பிக்கும் முன், பேச்சுக்கு இருக்கட்டுமே என்று எங்கள் தெரு பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கட்டைவிரல் நகத்தால் சுவரை ஒரு கீறு கீறினார். வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டியது.

“உப்பு பூத்துக் கெடக்கு. சொரண்டி நல்லா காயவிட்டு, மாசி பங்குனில அடிங்க. அது சரி, கடலை நீங்க தனியா வரையணுமா சார்? ரெண்டு மழை போவட்டும், அதுவே செவுத்துல வந்துரும்.”

உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய சுவர். ஈரம் செங்கல்லுக்குள் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. வெளிமுகத்துக்கு வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்கியது சும்மா இருக்காது. பெயின்டுக்கு அடியில் படிகமாக வளர்ந்து, மேலே உள்ளதை அப்பளம்போல உப்பவைத்துத் தள்ளும். (உப்பு என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.) பழைய சுண்ணாம்புக்காவது ஈரத்தை வெளியே விடும் குணம் உண்டு. இன்றைய எமல்ஷன் அடிப்பது சுவருக்கு மழைக்கோட்டு மாட்டுவதுபோலத்தான், உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். கூலி கிடைக்க அவர் போடும் திட்டம் இது என்று நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

கடையில் முதலில் வாங்கியது உப்புத்தாள். உப்பைத் தேய்க்க உப்புத்தாள் என்று நானே சொல்லி நானே சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, “எத்தனாம் நம்பர்?” என்றார். பெயின்டில் மட்டும் கவனமாக இருந்தேன். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2016-ல் கொண்டுவந்த விதிப்படி, 2017 நவம்பரிலிருந்து இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரை நக்கிப் பார்க்கிற வயதை மகள் தாண்டிவிட்டாள், ஆனாலும் டப்பாவின் பொடி எழுத்தை முழுக்கப் படித்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் குறையில்லாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

தேய்த்தேன், பட்டி பார்த்தேன், பிரைமர் அடித்தேன். பட்டி பார்ப்பது என்றால் ஏதோ பார்ப்பது என்றிருந்தேன். தோள்பட்டை கழன்றுபோகும் வேலை அது. திமிங்கிலம் என் திட்டத்திலேயே இல்லை. ரோலர் வழுக்கி ஓரிடத்தில் கருநீலம் திட்டாகிவிட்டது. அதை மறைக்கப் போய், அது வளர்ந்து, வால் முளைத்து, கடைசியில் ஒரு கண்ணும் வைத்தாயிற்று. பக்கத்தில் ஆசையாக வரைந்த பங்குனி ஆமையோ, கால் முளைத்த மசால்வடையாக வந்து சேர்ந்தது.

அடுத்தது சுவரில் ஓட்டை போட டிரில் மிஷின்; அதன் சத்தமே எனக்குப் பயம். சண்டைக்குப் பயந்த ஆட்களை வைத்து வேலை வாங்கிய சரித்திரம் இந்த ஊருக்கு உண்டு. 1752-ல் கோவளம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் வந்தபோது, அவரிடம் இருந்தவர்களில் பலர் லண்டன் சாராயக் கடைகளில் அள்ளிவந்த ஆட்கள். பீரங்கிச் சத்தத்தில் அரண்டுபோன காவல்காரன் ஒருவன், சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டதாக ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியிருக்கிறார். ஆனாலும் கிளைவ் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டார். இப்போது அங்கே நட்சத்திர ஓட்டல். டிரில் மிஷின் லிண்டலில் முட்டி அலறியதும் நான் ஸ்டூலைவிட்டு இறங்கிய வேகத்துக்கு, எங்கள் வீட்டில் ஒரு கிணறு இல்லாததுதான் குறை. மனைவி வந்தாள், மிஷினை வாங்கிப் பார்த்தாள். “ஹேமர்ல போடாமயே ஓட்டியிருக்கீங்க.” பத்து நிமிடத்தில் நாலு ஓட்டை, நாலு பிளக், நாலு ஸ்க்ரூ. மிஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

கட்டில் என் சொந்தத் தயாரிப்பு. 2012-ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர், கடையில் வாங்கிய பெட்டியைத் தங்கள் கையால் பூட்டியவர்கள் அதற்கு மற்றவர்களைவிட அதிக விலை கொடுக்க முன்வருவதைக் காட்டி, ‘ஐக்கியா விளைவு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பூட்டும் வேலை அரைகுறையாக நின்றால் அந்தப் பாசம் வராது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது காலுக்கு அடியில் மடித்த செய்தித்தாள் வைத்த என் கட்டிலை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ!

கட்டிலுக்கு மேலே நாலு சவுக்குக் கம்பு நட்டு, மீன் வலையை விதானமாகக் கட்டுவதாக ஏற்பாடு. பக்கத்துத் தெரு மீனவ அண்ணன் பழைய வலை ஒன்று கொடுத்தார். மூன்று நாள் சோப்புத் தூளில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் உலர்த்தினேன். முதல் நாள் ஒரு பூனை வந்தது, மூன்றாம் நாள் ஐந்து. கல்யாணப் பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்களைப் போல, வலைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன.

நாலாம் நாள் அண்ணனே வந்தார். “ரூமுக்குள்ள என்னா மீனு சார் புடிக்கப் போறீங்க?” என்று சிரித்தவர், வலையைத் தூக்கிப் பிடித்ததும் முகம் மாறினார். நடுவில் இரண்டு முழத்துக்குக் கிழிசல்.

“இத்த அப்புடியே மாட்டினா, பாக்கறவன் என்னத்தான் சிரிப்பான்.”

வீட்டுக்குப் போய் வலை ஊசியும் நூலும் எடுத்துவந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு கண்ணைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை விட்டு வாங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவில் விழுந்தது. அளவுகோல் அவருடைய இடது கைவிரல்தான். மகள் எதிரே உட்கார்ந்து, தன் கட்டைவிரலிலும் ஒரு நூலை மாட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தாள். நான் ஒரு மாதம் சுவரோடு மல்லுக்கட்டியபோது ஐந்து நிமிடம்கூட நின்று பார்க்காதவள். முடித்ததும் அவரே, “தொங்க விடாதீங்க சார், கொழந்த கை கால் மாட்டிக்கும்” என்று ஓரங்களை மடித்து உயரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறந்தநாள் வந்தது. நிலா வடிவத்தில் ஒரு இரவு விளக்கு. விலையை வீட்டில் பாதியாகச் சொல்லியிருந்தேன். இரவு விளக்கைப் போட்டதும் மகள் கத்தினாள்.

“அப்பா, அணை! ஆமைக்குட்டி வழி தப்பிடும்!”

போன பங்குனியில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்ட நான்தான் கூட்டிப்போனேன். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும், கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவிடும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான். அணைத்தேன். இருட்டில் பயமாக இருக்கிறதென்று தலையணையை இழுத்துக்கொண்டு பாட்டியிடம் போய்விட்டாள். இன்றுவரை அங்கேதான். நான் குறட்டை விடுவதாக மனைவியிடம் வெகுநாளாக ஒரு புகார் நிலுவையில் இருந்தது. ஆகவே நாலரை அடிக் கட்டிலில், முழங்காலை மடக்கி, வலைக்கு அடியில் இப்போது படுத்திருப்பது நான். ஜன்னலில் ஒரு பூனை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை, திமிங்கிலத்தின் வாயோரம் பெயின்ட் உப்பி வெடித்து, வெள்ளையாக நுரைத்திருந்தது. பெயின்டரிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்தபடி நின்றேன். பின்னால் ஒரு கூச்சல்.

“பாட்டி! ஓடி வா! திமிங்கிலம் பல் தேய்க்குது!”

தினமும் துரத்திப் பிடித்தால்தான் பிரஷ்ஷைத் தொடுகிறவள், தானாக எடுத்து வந்து அதன் எதிரே நின்று தேய்த்தாள். முடித்ததும் என்னிடம் திரும்பி, அது துப்புவதற்கு ஒரு வாளி வேண்டும் என்றாள். வைத்திருக்கிறேன்.