ஆறுதல் பரிசு பெற்றோருக்கான அவசரக் கையேடு

காணும் பொங்கல் மாலை. மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். முதல் பரிசில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. "கலந்துகொண்ட அனைவருக்கும்" என்று தொடங்கிய நீளப் பட்டியலில், இனிஷியலை மாற்றிப் படித்து, அறிவிப்பாளர் மூச்சு வாங்கிய இடத்தில் வந்தது உங்கள் பெயர். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. முதல் பரிசு கிரைண்டரை யார் தூக்கிக்கொண்டு போகிறார் என்று எட்டிப் பார்த்தால், விழாக்குழுப் பொருளாளரின் கொழுந்தியாள்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையத்தில் தொடங்கி ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர், செந்துறை வரை எங்கே கோலப் போட்டி நடந்தாலும் இது செல்லும். மற்ற மாவட்டத்தார் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; மீதி எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

1. நடந்தது அநியாயம்தானா என்று உறுதிசெய்யுங்கள்

தோற்றவர் எல்லாருக்கும் நடந்தது அநியாயம் ஆகாது. சிலர் உண்மையிலேயே சுமாராகத்தான் போட்டிருப்பார்கள். அது நீங்கள் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு. கீழே உள்ளவற்றில் மூன்று பொருந்தினால் அநியாயம். நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால் அக்கிரமம்.

• கட்டம் பிரித்தபோது உங்களுக்கு வந்தது சாக்கடை மூடியை ஒட்டிய மேடுபள்ளம். ஜெயித்தவருக்குப் புதுச் சிமெண்டுத் தரை.

• எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன நடுவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். அதற்குள் உங்கள் நீலப் பொடி காற்றில் எதிர்வரிசைக்குக் குடிபோய்விட்டது.

• உங்கள் கோலத்தின் முன் நடுவர் நின்ற நேரம், செல்போனில் "இங்கதான் இருக்கேன், வந்துடறேன்" என்று சொல்லி முடிக்கும் நேரம்.

• ஜெயித்த கோலத்திலும் மயில், உங்கள் கோலத்திலும் மயில். உங்களுடையதை மயில் என்று பால்வாடிக் குழந்தைகூட அடையாளம் சொன்னது.

• கிரைண்டரை நன்கொடை கொடுத்தவரே நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்.

• "நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது" என்ற வரி, நோட்டீஸில் பொங்கல் வாழ்த்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

2. சாட்சி அழிவதற்குள் படம் எடுங்கள்

மற்ற கைவேலைக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் இது. தையல் போட்டியில் தோற்றவர் துணியைப் பெட்டியில் வைத்துப் பேரன் காலம் வரை நியாயம் கேட்கலாம். கோலக்காரிக்கு அந்த வசதி கிடையாது. பரிசு அறிவித்த கால் மணி நேரத்தில் ஒரு ஆடு, இரண்டு டி.வி.எஸ். ஐம்பது, ஒரு தண்ணீர் வண்டி ஆகியவை உங்கள் வழக்கின் முக்கிய ஆவணத்தின் மீது ஏறிச் சென்றிருக்கும்.

ஆகவே கடைசிப் புள்ளியை வளைத்த கையோடு படம் எடுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து எடுத்தால் கோலத்தின் மறுகோடி ஒடுங்கிவிடும். "பாருங்க, உருவமே கோணல்" என்று அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். எதிர்வீட்டு மாடிக்கு ஏறி, செங்குத்தாக, கட்டத்தின் எண் தெரியும்படி எடுங்கள். எதிர்வீட்டாரோடு பேச்சு இல்லையென்றால் மார்கழி முதல் தேதியிலிருந்தே பேசத் தொடங்கிவிடுவது நல்லது.

3. எண்ணக் கூடியதை வைத்து வாதாடுங்கள்

"என் கோலம்தான் அழகு" என்பது வாதம் ஆகாது. அதையே கொழுந்தியாளும் சொல்வார். எண்ணிக்கைக்கு வாருங்கள்.

நீங்கள் போட்டது 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 169 புள்ளி. ஜெயித்தவர் 15 புள்ளி, நேர்புள்ளி, 1 வரை வைத்திருந்தால் 113தான். இரண்டையும் நோட்டீஸில் "15 புள்ளிக் கோலம்" என்றே எழுதுவார்கள். 56 புள்ளி எங்கே போயிற்று என்று கேளுங்கள். நடுவர் விழிப்பார், அந்த விழிப்பே உங்களுக்குப் பாதி வெற்றி.

சிக்குக் கோலம் என்றால் இன்னும் பலமான ஆயுதம் இருக்கிறது. குறுக்கே 4, நெடுக்கே 5 என்று புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து ஓரத்தில் மட்டும் திரும்பும் சாதாரணச் சிக்குப் போட்டால், எடுத்த இடத்திலேயே வந்து முடியும் ஒரே இழைதான். 4க்கு 6 போட்டால் இரண்டு இழை. 5க்கு 5 போட்டால் ஐந்து தனித்தனி இழை. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை வரும். நம் ஆயாக்கள் வாய்பாடு சொல்லாமல் விரலால் கண்டுகொண்ட கணக்கு இது. கோலத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட ஒழுங்கை 1970களில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கணினி இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். உலகமெங்கும் கணிதக்காரர்கள் அதைப் படிக்கிறார்கள். படிக்காதவர்கள் உங்கள் போட்டியின் நடுவர்கள் மட்டும்.

எனவே ஜெயித்த சிக்கின் மீது விரல் வைத்து இழையை ஓட்டிப் பாருங்கள். நடுவில் எங்காவது அறுத்து ஒட்டியிருந்தால் சத்தமாக "அடடா" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

4. யார் போட்டது என்று கேளுங்கள்

பேர் கொடுத்தவர் வேறு, குனிந்தவர் வேறு என்பது கைவேலைப் போட்டிகளின் பழைய வியாதி. அமெரிக்காவில் 1933ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் ஒட்டுத்துணிப் போர்வைப் போட்டி ஒன்று நடத்தியது. பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம். முதற்பரிசு 1,000 டாலர். சுமார் 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. கென்டக்கி மாநிலத்து மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்ற அம்மாள் ஜெயித்தார். போர்வை, அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கே பரிசாகப் போயிற்று. ஆனால் அந்த அம்மாள் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்குத் தைத்த பெண்கள் போட்டது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவர்கள் பேசவில்லை. பரிசுப் பணத்திலும் பங்கு வரவில்லை. மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993ல் இந்தப் போட்டியைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார்கள். அறுபது வருடம் கழித்து வந்த நியாயம்.

இதைக் கேட்டு உடையார்பாளையத்தில் யாரும் வாய்பிளக்க மாட்டார்கள். இங்கேயும் இலையூர், வாரியங்காவல் பக்கமும் தறியில் பட்டு நெய்பவர்களுக்குத் தெரியாத கதையா? கடையில் மடித்து வைக்கும் சேலைப் பெட்டியின் மேல் கடையின் பேர் இருக்கும். குழிக்குள் கால் வைத்து நெய்தவர் பேர் இருக்காது.

கோலத்திலும் இதேதான். பொருளாளர் வீட்டுக் கட்டத்தில் விடியற்காலையில் நாலு பேர் குனிந்திருப்பார்கள்: ஒருத்தி புள்ளி, ஒருத்தி இழை, ஒருத்தி கலர், ஜெயங்கொண்டத்திலிருந்து வரவழைத்த ஒருத்தி மயிலின் கண். படம் எடுக்கும் நேரத்தில் மூன்று பேரைக் காணாது.

மிளகு மூட்டை கொண்டுபோன வணிகன் சுங்கத்துக்குப் பயந்து "பயறு" என்று பொய் சொல்ல, மூட்டைக்குள் இருந்த மிளகெல்லாம் பயறாகிப்போனது என்பது இந்த ஊர்ப் பயறணீஸ்வரர் கோயிலின் தலவரலாறு. அப்படிப்பட்ட சாமி இருக்கும் ஊரில், ஒருத்தி போட்ட கோலத்தை இன்னொருத்தி பேரில் பதிவேட்டில் எழுதினால் மட்டும் எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை. கிரைண்டர் கிரைண்டராகவே வீடு போய்ச் சேர்கிறது.

5. தலைப்பை நம்பாதீர்கள்

"பிளாஸ்டிக் ஒழிப்பு", "வாக்காளர் விழிப்புணர்வு", "மழைநீர் சேகரிப்பு" என்று தலைப்பு கொடுப்பார்கள். நீங்கள் இரவெல்லாம் யோசித்து, விரலில் மை வைத்த கையையும் ஓட்டுப் பெட்டியையும் போட்டிருப்பீர்கள். பரிசு, தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத தாமரைக்குப் போகும். சிகாகோவிலும் அதுதான் நடந்தது: நூற்றாண்டு முன்னேற்றத்தைத் தைத்துக் காட்டினால் கூடுதல் பரிசு என்றார்கள், ரயிலும் விமானமும் தைத்து அனுப்பியவர்களை விட்டுவிட்டுப் பழைய நட்சத்திரப் பூவேலைக்கே பரிசு கொடுத்தார்கள். அடுத்த முறை நீங்கள் தாமரையையே போட்டு, மூலையில் சின்னதாக ஒரு ஓட்டுப் பெட்டி வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் ஒழிப்புக் கோலத்துக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுத்தால் சட்டப்படி அதைக் குறைசொல்ல முடியாது. குடத்தை நாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதில்லையே.

6. மனு எழுதுங்கள், எதையும் எதிர்பார்க்காதீர்கள்

ஜமீன் இருந்த காலத்தில் பாட்டுக்குத் தரம் பார்த்துச் சன்மானம் கொடுத்த ஊர் உடையார்பாளையம். கனம் கிருஷ்ணையர் இந்தச் சமஸ்தானத்துச் சங்கீத வித்துவான். அவர் வரலாற்றை உ. வே. சாமிநாதையர் தனி நூலாக எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஜமீன்தார் ஒருவரே நடுவர், பணமும் அவருடையது, மேல்முறையீடு என்ற பேச்சே இல்லை. இன்றைக்கு நடுவர் மூன்று பேர், பணம் ஊராருடையது. தலையசைக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் குடியாட்சிக் காலத்தவர் என்பதால் திங்கட்கிழமை அரியலூர் போய்க் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முன்னால் நிற்பவர் பட்டா மாறுதலுக்கு வந்திருப்பார், பின்னால் நிற்பவர் முதியோர் உதவித்தொகைக்கு. இருவரும் "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்பார்கள். "மயில்" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மதிப்பெண் பட்டியலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பேரூராட்சியோ மாவட்ட நிர்வாகமோ நடத்திய போட்டி என்றால் கேள்வி செல்லும். இளைஞர் மன்றமோ கட்சிக் கிளையோ நடத்தியது என்றால் செல்லாது. செல்லும் இடத்தில் பதில் மாசியில் வரும்: "மதிப்பெண் பட்டியல் ஏதும் பராமரிக்கப்படவில்லை." அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். உண்மையான பாராட்டுப் பத்திரம் அதுதான்.

7. ஜெயித்தவரை முறையாக வாழ்த்துங்கள்

ஊரில் இருக்க வேண்டும். நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும். ஆகவே வாழ்த்தியே தீர வேண்டும். பயன்படுத்திப் பலன் கண்ட வாக்கியங்கள்:

"அக்கா, ரொம்ப நல்லா இருந்துச்சு. அச்சு எந்தக் கடையில வாங்குனீங்க?"

"ஒங்க கோலமா சித்தி அது? நான் ஒங்க மருமவ போட்டதுன்னுல்ல நெனச்சேன்."

"கோணலையெல்லாம் கலருலயே மறைச்சுப்புட்டீங்களே அண்ணி, எங்களுக்கு வராதும்மா."

மூன்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். மாசி மகம் வரை நாள் இருக்கிறது.

8. விழாக்குழுவில் நுழைந்துவிட்டால்

எல்லாவற்றையும் மீறி, அடுத்த ஆண்டுப் போட்டி உங்கள் கைக்கு வந்துவிட்டால், இதை மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

கட்டத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். நடுவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். யார் எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. புள்ளிக்கு எவ்வளவு, இழைக்கு எவ்வளவு, வண்ணத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண்ணை முதல் நாளே நோட்டீஸில் போட்டுவிடுங்கள். சிக்குக் கோலத்தையும் ரங்கோலியையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். உதவிக்கு வந்தவர்கள் பேரையும் எழுதிப் படியுங்கள். இரண்டு பேர் போட்டால் இரண்டு பேர் ஜெயிக்கட்டுமே. முக்கியமாக, "அனைவரும் வருக" என்று அச்சடித்துவிட்டு, ஊரில் பாதிப் பேர் வரத் தயங்கும் தெருவில் போட்டியை வைக்காதீர்கள். அந்த அநியாயத்துக்கு முன்னால் மயில், கிரைண்டர் எல்லாம் தூசு.

9. தவறிப்போய் நீங்களே ஜெயித்துவிட்டால்

அடுத்த ஆண்டு கிரைண்டர் உங்கள் கைக்கே வரலாம். அன்றைக்குக் கட்டம் நல்ல தரையில் இருந்திருக்கும். நடுவர் நின்று பார்த்திருப்பார். நாத்தனார் மகள் கலர் போட்டுக் கொடுத்திருப்பாள். பொருளாளர் உங்கள் ஒன்றுவிட்ட மாமாவாக இருப்பார். அப்போது முதல் பகுதியில் உள்ள பட்டியலை மறுபடி எடுத்துச் சரிபார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டத்துக்காரி ஏற்கெனவே சரிபார்த்துக்கொண்டிருப்பாள்.