நகராத வண்டிக்கு நூறு ரூபாய்

முதல் கேம்பர் வேன் வாங்கப் போகிறீர்களா? பழைய மெட்டடோர் என்றால் ஸ்டியரிங்கை அப்புறம் பிடிக்கலாம், முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் சங்குமுகத்தில் கடற்காற்றைக் குடித்து வளர்ந்த வண்டிக்கு மேலே பெயின்ட் மின்னும், கீழே சேசிஸ் அப்பளமாக நொறுங்கும். "பொட்டுத் துரு கிடையாது, அண்ணாச்சி" என்பார் விற்பவர். வாஸ்தவம்தான். பொட்டுப் பொட்டாக இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே துரு.

15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டில் போட, அடுப்பு வைக்க ஆசாரியைக் கூப்பிடுமுன் ஒன்று: கம்பெனி கொடுத்த உருவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது கேரள ஆர்.டி.ஓ. கொண்டுபோன வழக்கில்தான். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. உங்கள் மெட்டடோரை நினைத்து அல்ல.

என்னைக் கேட்டால், தம்பானூர் பஸ் நிலையத்தில் மூணாறு பஸ் ஏறுங்கள். அங்கே ஓய்ந்துபோன பஸ்களுக்குள் படுக்கை போட்டு, தலைக்கு 100 ரூபாய்க்கு 2020-இல் வாடகைக்கு விட ஆரம்பித்தது கேரள அரசு பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. துரு அவர்களுடையது, வரியும் அவர்களுடையது. மைலேஜ் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்க மாட்டார்.