டி டிரைவில் இருப்பது யார்?

பழைய கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினோம். விற்றவர், “எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்” என்கிறார். நம்பலாமா?
– ஓர் அம்மா, ஈரோடு

ப: அவரை நம்புங்கள், டெலிட்டை நம்பாதீர்கள். டெலிட் என்பது வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது. உள்ளே குடியிருப்பவர்கள் அப்படியேதான் இருப்பார்கள். அந்த இடத்தின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு சாஃப்ட்வேர்களே பழையதை வெளியே எடுத்துவிடும். குவிக் ஃபார்மட்டும் இதே கதைதான்.

அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள், 2000-க்கும் 2002-க்கும் இடையில் 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மருத்துவ விவரங்கள், அந்தரங்கக் கடிதங்கள், ஆபாசப் படங்களும் இருந்தன. எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிற டிஸ்க்கில் இதில் எது இருந்தாலும் உங்களுக்குச் சம்மதமா?

நம்மூரில் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. “ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டாச்சு” என்று கடையில் சொன்னால், பெரும்பாலும் சி டிரைவை மட்டும் அடித்திருப்பார்கள். டி, இ டிரைவ்களைத் தொட்டிருக்க மாட்டார்கள். கல்யாண ஆல்பம், ஆதார் ஸ்கேன், டவுன்லோடு செய்த படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். வாங்கியதும் முதலில் டி டிரைவைப் பாருங்கள்.

கே: பார்த்தேன். யாரோ ஒரு குடும்பத்தின் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், நாமக்கல்

ப: ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காதீர்கள். விற்றவரைத் தெரிந்தால் ஒரு போன் போடுங்கள். “உங்க போட்டோ இதுல இருக்கு, காப்பி இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். மறைந்துபோன அப்பாவின் படங்கள் வேறு எங்குமே இல்லாமல் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் தங்கியிருக்கலாம். வேண்டும் என்றால் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுத் துடையுங்கள். விற்றவர் யாரென்றே தெரியாவிட்டால் உடனே துடையுங்கள்.

கே: துடை, துடை என்கிறீர்கள். எதைக் கொண்டு துடைப்பது?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ப: விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி வழியாகப் போனால் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கும். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வரும் திரைகளில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று சிறிய எழுத்தில் ஒன்று இருக்கும். அதைத் திறந்து ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள். எல்லா டிரைவ்களையும் அழிக்கவா என்று கேட்கும் இடத்திலும் ஆம் சொல்லுங்கள். டி டிரைவுக்கு அப்போதுதான் விடிவு.

ஹார்டு டிஸ்க்காக இருந்தால் முழுவதையும் ஒரு தடவை மேலெழுதினால் போதும். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை என்று சொல்வதெல்லாம் அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு. 500 ஜிபி என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆகும். எஸ்எஸ்டி வேறு ஜாதி. எந்தத் துண்டை எங்கே எழுதுவது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்வதால், மேலெழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. அதற்கு ‘செக்யூர் இரேஸ்’ என்ற கட்டளை உண்டு. எஸ்எஸ்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரிலோ, சில மெஷின்களில் பயாஸிலோ இருக்கும்.

கே: ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்தால் போதாதா?
– வாசகி, தூத்துக்குடி

ப: போதாது. அந்தக் கம்ப்யூட்டரில் இதற்கு முன் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த கேம் என்று இருந்தால், அவற்றைப் போட்ட அன்றே ஆன்டிவைரஸை நிறுத்திவைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கும் நேரத்தில் மொத்தமாக அழித்துப் புதிதாக ஓஎஸ் போட்டுவிடலாம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த மெஷினில் ஏற்கெனவே முறையான விண்டோஸ் 10 அல்லது 11 ஆக்டிவேட் ஆகியிருந்தால், உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும். அதே எடிஷனை மறுபடி போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

கே: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கம்ப்யூட்டரைப் பேத்திக்குக் கொடுக்கப் போகிறேன். விண்டோஸ் 10. சொந்த வீட்டுக்குள்தானே, இதற்கும் துடைக்க வேண்டுமா?
– கும்பகோணம்

ப: கட்டாயம் வேண்டும், ஐயா. பேத்தி மேல் சந்தேகப்பட்டு அல்ல. உங்கள் பிரவுசரில் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருப்பீர்கள். வருமான வரிக் கோப்புகள், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் இருக்கும். பேத்தி ஏதோ ஒரு கேமுக்காக எதையோ கிளிக் செய்து கெட்டது ஒன்று உள்ளே வந்தால், அது கொண்டுபோவது உங்கள் பென்ஷன் கணக்கை. வேண்டியதை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொண்டு, மெயிலிலிருந்து லாக்அவுட் செய்யுங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலில் இந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள். பிறகு துடையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை புராசஸரும் தேவை. இல்லாவிட்டால் மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம். 4 ஜிபி ரேமில் நிம்மதியாக ஓடும்.

கே: அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், இப்போது தம்பிக்கு. ரேம் 2 ஜிபிதான். ஆன் ஆவதற்குள் காபி ஆறிவிடுகிறது.
– திருவண்ணாமலை

ப: 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். உங்களிடம் இருப்பதற்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. முதலில் அக்காவின் புராஜெக்ட்டுகளையும் படங்களையும் அவரிடம் கேட்டு, எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பழைய லேப்டாப்புக்கு நீங்கள் செய்யக்கூடிய செலவுகளில் இதுதான் உடனே பலன் தெரிவது. ரேம் இன்னொன்று செருக இடமிருந்தால் அதையும் போடுங்கள். மேலே லினக்ஸ்.

இன்டர்நெட்டே இல்லாமல் கொடுத்தாலும் பையனுக்கு வேலை இருக்கிறது. வரைவதற்கு டக்ஸ் பெயின்ட். எண்ணும் எழுத்தும் விளையாட்டாகப் படிக்க ஜிகாம்ப்ரி. எட்டு வயதுக்கு மேல் என்றால் ஸ்கிராட்ச், எம்ஐடியில் 2007-இல் வெளிவந்தது. அதை இறக்கிப் போட்டுவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். தமிழ்99 விசைப்பலகையையும் முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள். சின்ன விரல்களுக்குச் சீக்கிரம் படிந்துவிடும்.

கே: ‘சிபியு’வைத் திறந்தால் ஒரு பிடி தூசி, இரண்டு பல்லி முட்டை. கடைக்குக் கொண்டுபோகாமல் நானே சுத்தம் செய்யலாமா?
– ஓர் அப்பா, மதுரை

ப: தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி, மூக்கில் துணி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். புது பெயின்ட் பிரஷ்ஷால் மேல் தூசியைத் தள்ளுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

பலர் இத்தோடு மூடிவிடுகிறார்கள். உண்மையான அழுக்கு புராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே இருக்கிறது. ஃபேனை மட்டும் கழற்றிப் பாருங்கள், கம்பளித் துண்டைப் போலத் தூசி படிந்து கிடக்கும். முழுசாக உரித்து எடுக்கலாம். சூடாகித் தானாக ஆஃப் ஆகும் மெஷின்கள் பல இதிலேயே குணமாகிவிடும். தகட்டையும் கழற்றினால், காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வைத்த பிறகே மாட்ட வேண்டும். வெறுமனே திரும்ப மாட்டக் கூடாது. ரேமின் தங்க நிறக் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்ப்பது நம் சர்வீஸ்காரர்கள் பல காலமாகச் செய்வது. துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

பல்லி எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? கேபினெட்டின் பின்பக்கம் காலி ஸ்லாட்டுகளின் தகடு கழன்று போயிருக்கும். நான்கு தகடு வாங்கி மாட்டுங்கள். மதர்போர்டில் பல்லி குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகி, பல்லியோடு போர்டும் போகும்.

மானிட்டரில் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடிக்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடைத்தால் போதும்.

கே: தேதி ஒவ்வொரு தடவையும் 2009-க்குப் போய்விடுகிறது. வைரஸா?
– வாசகர், விழுப்புரம்

ப: மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள், எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மாற்றியதும் பழையதை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துபோகாதீர்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைக் கடுமையாக அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்த ஆபத்து உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: லேப்டாப் டேபிளில் சமமாக உட்கார மாட்டேன் என்கிறது. டச்பேடு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது.
– வாசகி, வேலூர்

ப: பேட்டரி உப்பிவிட்டது. இப்போதே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். பேட்டரி மாற்றி, பழையது மின்கழிவு எடுப்பவர்களிடம் போய்ச் சேரும்வரை அந்த லேப்டாப் பிள்ளை இருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது.

கே: சென்னை ரிச்சி தெருவில் நல்ல லேப்டாப் ஒன்று வாங்கினேன். புதிதாக விண்டோஸ் போட்டாலும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்கிறது!
– தாம்பரம்

ப: கம்பெனிகள் தங்கள் லேப்டாப்புகளின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைத்திருக்கும். நெட்டில் இணைந்ததும் மெஷின் தன் பழைய முதலாளியைத் தேடும். எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் இது போகாது, அந்தக் கம்பெனிதான் பதிவை நீக்க வேண்டும். பில்லோடு கடைக்குத் திரும்பிப் போய், மாற்றித் தரச் சொல்லுங்கள். இனி வாங்குகிறவர்கள் கடையிலேயே போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முதல் திரை முழுவதையும் கடந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கே: மகளுக்குத் தெரியாமல் அவள் பார்ப்பதையெல்லாம் எனக்குக் காட்டும் சாஃப்ட்வேர் எது நல்லது?
– ஒரு தந்தை, கோவை

ப: எதுவும் நல்லதில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு அடுத்தவர் போட்ட உளவு சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் நாமே ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதா? என்றைக்காவது மகளுக்குத் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு அவள் மறைக்கக் கற்றுக்கொள்வாள். ஒரு கெட்டவன் சாட்டில் மிரட்டினால் உங்களிடம் ஓடிவர வேண்டிய பெண், வரமாட்டாள்.

அவளுக்குத் தெரியவே செய்யுங்கள். கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கட்டும். அவளுக்குத் தனி அக்கவுன்ட், அட்மின் உரிமை இல்லாமல். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம். ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றினால், ஆபாசத் தளங்களிலும் தீங்கான தளங்களிலும் பெரும்பாலானவை வீடு முழுக்கத் தடைபடும். இது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இலவசமாகத் தருவது. ஏன் மாற்றினீர்கள் என்பதை அவளிடம் சொல்லுங்கள். அவளிடம் ஒரு வாக்குறுதியும் கொடுங்கள்: பயமுறுத்தும் எதையாவது பார்த்துவிட்டு வந்து சொன்னால் திட்ட மாட்டேன், கம்ப்யூட்டரைப் பிடுங்க மாட்டேன் என்று. அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

கே: நான் ஆறாவது. அப்பா கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தாச்சு. சுத்தம் பண்ணணும், சுத்தம் பண்ணணும்னு இன்னும் கையிலேயே குடுக்கல. எப்பதான் குடுப்பாரு?
– ஒரு பையன், பெரம்பலூர்

ப: நீயும் கூடச் சேர்ந்து வேலை செய்தால் சீக்கிரம் கொடுப்பார், தம்பி. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி, பிரஷ் போட்டு, சந்துகளைத் துடைக்கும் வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள். ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு வை, அப்பா தொலைத்துவிடுவார். உள்ளே எது ரேம், எது டிஸ்க், எது புராசஸர் என்று கேட்டுக்கொண்டே இரு. கடைசியில் பாஸ்வேர்டு வைக்கும்போது நீயே யோசித்து வை. நாலைந்து சொற்கள் சேர்ந்ததாக, நீளமாக இருக்கட்டும். அப்பா அம்மாவுக்குத் தெரியலாம், உயிர் நண்பனுக்குக்கூடத் தெரியக் கூடாது.

கே: முதல் நாள் விபூதி, சந்தனம், குங்குமம் வைத்துத்தான் பேரனிடம் கொடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். வைக்கலாமா?
– திருநெல்வேலி

ப: அவசியம் வையுங்கள். கேபினெட்டின் பக்கவாட்டில், காற்றுத் துளை இல்லாத இடமாகப் பார்த்து. ஸ்க்ரீனில் வேண்டாம், யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். லேப்டாப் என்றால் மூடிய நிலையில், மேல் மூடியில். கற்பூரத் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று காட்டச் சொல்லுங்கள், நீங்கள் துடைத்த ஆல்கஹால் இன்னும் காயாமல் இருக்கலாம்.